வெடித்த மாவும் நேரான கோடும்

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். கே.கே. நகரில் இருந்த ஐரினின் அலுவலகத்துக்கு ஒச்சம்மாள் ஒரு கட்டைப்பையோடு வந்தார். வெளியே சாலையில் நாய்கூட நடமாடவில்லை. ஒச்சம்மாளோ காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார்; மூக்கு நுனி சிவந்திருந்தது. பையை மேசைமேல் பதமாக இறக்கி வைத்தார், தும்மினார், மறுபடியும் தும்மினார், பிறகுதான் உட்கார்ந்தார்.

“ஐரினம்மா, பையத் தொட்றாதீங்க. வெடிச்சாலும் வெடிச்சிரும்.”

மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கிளமெண்ட் துள்ளி எழுந்தார். அவர் ஐரினின் கணவர். மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியை விட்டு வந்த பிறகும் கழுத்திலிருந்து விசிலை மட்டும் கழற்றவில்லை. அதை எடுத்து நீளமாக ஊதினார். “எல்லாரும் வெளிய போங்க! வரிசையா!”

அறையில் இருந்ததே மூன்று பேர். ஐரின் எழுந்திருக்கவில்லை.

“உள்ள என்னக்கா இருக்கு?”

“மாவு” என்றார் ஒச்சம்மாள். “இட்லி மாவு.”

பைக்குள் நாலைந்து மாவு பாக்கெட்டுகள், குழந்தைக்குத் தைத்த தலையணை மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தன. விசில் ஊதிய வெட்கத்தை மறைக்க நினைத்த கிளமெண்ட், “இதுக்கா பயந்தோம்?” என்று ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அது ‘பட்’டென்று வெடித்தது. சட்டை, மூக்குக்கண்ணாடி, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி என்று ஒன்றையும் விடவில்லை. கிளமெண்ட் உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்து, “புளிச்சிருக்கு” என்று ஒரு துப்பறிவாளருக்குரிய கம்பீரத்துடன் அறிவித்தார்.

ஐரின் காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளை ஆராயும் வேலையில் பல வருடம் இருந்தவர். எரியாத கடைக்குச் சாம்பல் காட்டியவர்களையும், நனையாத சரக்குக்குக் கண்ணீர் விட்டவர்களையும் பார்த்துப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக விசாரணை அலுவலகம் வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கணவருக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, “சொல்லுங்கக்கா” என்றார்.

ஒச்சம்மாளுக்குச் சமயநல்லூரில் மாவு கம்பெனி. ஒரே ஒரு கிரைண்டரில் ஆரம்பித்து, இன்று நகரத்துக் கடைகளுக்கெல்லாம் பாக்கெட் போடுகிற அளவுக்கு வளர்த்திருந்தார். அரைத்து, பாக்கெட் போட்டு, குளிர் அறையில் அடுக்கிவைத்து, சாயங்காலம் ஆட்டோக்களில் அனுப்புவது வழக்கம். வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து சில பாக்கெட்டுகள் கடைகளில் உப்பத் தொடங்கின. சில வெடிக்கவும் செய்தன. ஒரு கடையில் பால் எடுக்கக் குனிந்த ஒரு தலைமையாசிரியையின் தலையிலேயே ஒன்று வெடித்து, அந்தம்மா நேராகக் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார்.

“இந்த நேரம் பாத்து ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்காரங்க, எல்லாக் கிளைக்கும் நம்ம மாவு வேணும்னு வாராங்க. ஆனா ராத்திரி பகலா குளிர் ரூம்ல எம்புட்டு டிகிரி இருந்துச்சுன்னு ரெக்கார்டு காட்டணுமாம். நாளை மறுநாள் ஆள் வருது.”

“இப்ப அளக்கிறதுக்கு எதுவும் இல்லையா?”

“கதவுல ஒரு முள்ளுப் போட்ட வட்டம் இருக்கு. அது எப்பவும் ரெண்டுலதான் நிக்கும்.”

“எப்பவுமேவா?”

“கரண்ட் இல்லாட்டியும் ரெண்டுதான். நல்ல முள்ளுன்னு நெனச்சிருந்தேன்” என்றார் ஒச்சம்மாள், சற்று வருத்தமாக.

அதனால் அவர் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்று வாங்க முடிவு செய்தார். கோயம்புத்தூரிலிருந்து சித்தார்த் என்ற விற்பனைப் பையன் வந்து, இரண்டு வகைக் கருவிகளை மாட்டிக் கொடுத்தான். கொஞ்ச நாள் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கிக்கொள்ளச் சொன்னான். சிவப்புப் பெட்டி, குளிரைத் தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினால் கோடாக வரைந்து காட்டும். வெள்ளைப் பெட்டி அப்படியல்ல. அது வைஃபை வழியாகத் தன் கணக்கை நேரடியாக இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். குளிர் குறைந்தால் உடனே போனுக்குத் தகவல் சொல்லும்.

“இப்ப அதுதான் பிரச்சினையே. சிவப்புப் பெட்டி, தெனம் மதியம் ரூம் சூடாகுதுங்குது. வெள்ளைப் பெட்டி, ரூம் சொகமா நாலு டிகிரியில இருக்குங்குது. சிவப்பு சொல்றது நெசம்னா, ரூமப் பாத்துக்கிற செல்லக்கிளி மதியம் மிஷின ஆப் பண்ணிப் போடுறா. வெள்ளை சொல்றது நெசம்னா, ரூம் நல்லாருக்கு, அரைக்கிற சோணைதான் மாவுல எதையோ கலக்குறான். எந்தப் பெட்டி பொய் சொல்லுதுன்னு சொல்லுங்க. அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு, தப்புப் பண்ணுன ஆள வீட்டுக்கு அனுப்பணும்.”

“மதியத்துல மிஷின் ஓடுற சத்தம் கேக்குமா?”

“கேக்குமாவா? நிக்காமல்ல ஓடுது! காலையிலகூட அப்பப்ப நின்னு நின்னு ஓடும். மதியம் மூச்சு விடாம ஓடுது. மீட்டரப் பாத்தா வயிறு எரியுது.”

“எல்லா நாளும் பாக்கெட் உப்புதா?”

“அதச் சொல்ல மறந்துட்டேன்.” ஒச்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “போன வாரம் கீழக்குயில்குடியில ஒரு காதுகுத்து. காலையில போய்ட்டுப் பொழுதடையத்தான் வந்தேன். அன்னைக்குப் போன பாக்கெட் ஒண்ணுகூட உப்பல. நான் இல்லாத அன்னைக்கு மட்டும் ஒழுங்கா வேல பாக்குறாங்கன்னா என்னம்மா அர்த்தம்? இருக்கிறப்ப வேணும்னே பண்றாங்கன்னுதான?”

ஐரின் ஒச்சம்மாளின் மப்ளரைச் சற்று நேரம் பார்த்தார். “காலையில வாரோம்க்கா. அதுவரைக்கும் யாரையும் எங்கயும் அனுப்பாதீங்க” என்றார்.

ஒச்சம்மாள் போனதும் கிளமெண்ட் துண்டை உதறினார். “ஐரின், இது போட்டிக் கம்பெனிக்காரன் வேல. ராத்திரி சுவரேறிக் குதிச்சு ஊசி போட்டு மாவக் கெடுக்கிறான்.”

“ஊசி போட்டா பாக்கெட்ல ஓட்ட விழும். ஓட்ட விழுந்த பாக்கெட் உப்பாது.”

கிளமெண்ட் யோசித்தார். “அப்ப ஓட்டைய அடைச்சிருப்பான்” என்றார்.

மறுநாள் காலை இருவரும் ஸ்கூட்டரில் சமயநல்லூருக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நுழைந்ததும் கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அலுவலகம். அதில் ஒரு மேசை, அனல் காற்றை அடிக்கிற ஒரு மின்விசிறி, ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி. அதைத் தாண்டினால் கிரைண்டர்கள், பாக்கெட் போடும் மேசைகள். கோடியில் குளிர் அறை. அதன் கனத்த வெள்ளைக் கதவுக்குப் பக்கத்தில், மெத்தை போட்ட ஒரு நாற்காலி கிடந்தது. நாற்காலிக் காலடியில் பழைய ஆட்டுக்கல் குழவி ஒன்று உருண்டு கிடந்தது. கருங்கல் குழவிதான், ஆனால் அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் தீற்றியிருந்தது.

வெயிலில் வந்த களைப்பில் கிளமெண்ட் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொட்டகையே நின்றுபோனது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. அரைக்கும் இடத்திலிருந்து சோணை ஓடிவந்தார்.

“சார், எந்திரிங்க சார். அது அம்மா சேரு.”

கிளமெண்ட் எழுந்துகொண்டார். ஆனால் எதிரில் சோணையே கிடைத்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மாவுல என்ன கலக்குறீங்க? உண்மையச் சொல்லிருங்க. சோடாவா?”

“அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு” என்றார் சோணை. “கோவம் வந்தாக்கூட அம்புட்டுத்தான் சார் கலப்பேன்.”

குளிர் அறைச் சாவி செல்லக்கிளியின் இடுப்பில் இருந்தது. நாற்பது வயதுக்காரி. அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு. இந்த நேரத்தில் வேலை போய்விடுமோ என்ற கவலையில் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் கதவைத் திறந்துவிட, ஐரின் உள்ளே போய் அடுக்குகளைப் பார்த்தார். கதவுக்கு உள்பக்கம் சிவப்புப் பெட்டியும், நடு அடுக்கில் ஒரு கொக்கியில் வெள்ளைப் பெட்டியும் தொங்கின.

“உப்புற பாக்கெட் எந்த அடுக்குல இருந்து போனதுன்னு கவனிச்சீங்களா?”

“எல்லாம் முன்னாடி அடுக்குதான் மேடம். கதவ ஒட்டி இருக்கிறது. பின்னாடி இருக்கிறது ஒண்ணும் ஆகல.”

“மதியம் நீங்க எங்க இருப்பீங்க?”

“கொல்லப் பக்கம் வேப்ப மரத்தடியில நாங்க எல்லாரும் சாப்புடுவோம். அப்புறம் அங்கனயே கொஞ்சம் கண்ணசருவோம். மதியத்துல இந்தப் பக்கம் யாரும் வர மாட்டோம் மேடம். இங்கன அம்மா…” செல்லக்கிளி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “அம்மா திட்டுவாங்க.”

ஐரின் தலையசைத்தார். வெள்ளைப் பெட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் ஏதோ பச்சையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. கிளமெண்ட் எட்டிப் பார்த்தார்.

“வெந்தயக் கீரை! மாவுல போடுறதுதான்.”

“மாவுல வெந்தயம் போடுவாங்க. கீரை போட மாட்டாங்க. இது கொத்தமல்லி” என்றார் ஐரின். பெட்டியைப் பழையபடி மாட்டினார்.

ஒச்சம்மாளின் மகன் மருது அலுவலகத்தில் இருந்தான். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன இளைஞன். வெள்ளைப் பெட்டியின் கணக்கைப் பார்க்கும் செயலி அவன் போனில்தான் இருந்தது. ஒச்சம்மாளிடம் இருந்தது பித்தான் போன்.

“பாருங்க மேடம். நேத்துப் பூரா நாலு டிகிரி. கோடு எப்புடி நேராப் போகுது” என்று காட்டினான்.

ஏறக்குறைய நேர்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் சின்னதாக ஒரு மேடு.

“மாட்டுன நாள்ல இருந்து காட்டுங்க.”

“நெட் சரியா எடுக்க மாட்டேங்குது மேடம்” என்றான் மருது. மின்விசிறி ஓடியும் அவனுக்கு வேர்த்தது.

ஐரின் வற்புறுத்தவில்லை. வெளியே வந்து சித்தார்த்துக்குப் போன் போட்டு, மாட்டிய நாளிலிருந்து வெள்ளைப் பெட்டி அனுப்பிய எல்லாவற்றையும் தனக்கு அனுப்பச் சொன்னார். அவன், “அது எங்க சர்வர்ல அப்படியே இருக்கும் மேடம். யாரும் அழிக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது” என்று பெருமையாகச் சொன்னான். அது வருவதற்குள் சிவப்புப் பெட்டியைத் தன் மடிக்கணினியில் செருகிப் பார்த்தார். இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளமெண்ட் அவருக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு புதிய குற்றவாளியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளை நெருங்கியது. ஐரின் எழுந்தார். “ஒச்சம்மாக்கா, எல்லாரையும் கூப்பிடுங்க.”

பாக்கெட் மேசையைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றார்கள். ஒச்சம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டார். “யாரும்மா? செல்லக்கிளியா, சோணையா?”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு உதவி செய்யணும். சாப்பாடு முடிஞ்ச நேரம்னு வச்சுக்கோங்க. வழக்கமா அந்த நேரத்துல அவங்கவங்க எங்க இருப்பீங்களோ, அங்க போய் இருங்க. எப்பவும் செய்யறதச் செய்ங்க. கூடுதலா எதுவும் வேணாம், குறைச்சலாவும் வேணாம்.”

கிளமெண்ட் விசில் ஊதினார். பெண்கள் சிரித்துக்கொண்டே வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். சோணை கொல்லை வாசலிலேயே ஒரு சாக்கை விரித்துப் படுத்து, கண்ணையும் மூடிக்கொண்டார். செல்லக்கிளி தயங்கித் தயங்கிக் கொல்லைப் பக்கம் போனாள். மருது அலுவலகத்துக்குள் போய் நின்றான்.

ஒச்சம்மாள் தன் நாற்காலிக்குப் போனார். போகிற போக்கில் குளிர் அறைக் கதவை ஒரு சாண் அகலத்துக்கு இழுத்தார். காலால் குழவியை உருட்டிக் கதவிடுக்கில் தள்ளினார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, உள்ளிருந்து வந்த குளிர் காற்று முகத்தில் படுமாறு உட்கார்ந்துகொண்டார். மப்ளரைக் காதோடு இழுத்துவிட்டார். எல்லாம் ஒரு மூச்சில், யோசிக்காமல் நடந்தது. கண்கள் சொக்க ஆரம்பித்தன.

குளிர் அறையின் இயந்திரம் உறுமலுடன் ஓடத் தொடங்கியது.

வேப்ப மரத்தடியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். சோணை சாக்கிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். கிளமெண்ட் வாயிலிருந்து விசில் நழுவியது. அந்த அமைதியில் ஒச்சம்மாள் கண்ணைத் திறந்தார்.

“என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்றவர், கீழே குழவியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். “இதுவா? ஒரு சாண் தானம்மா! இது தொறக்கிறதுல சேத்தியா?”

“சிவப்புப் பெட்டி சேத்துக்கிட்டிருக்குக்கா” என்றார் ஐரின்.

ஐரின் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

“சோணை எதையாவது கலந்திருந்தா எல்லாப் பாக்கெட்டும் உப்பியிருக்கணும். முன்னாடி அடுக்கு மட்டும்தான் உப்புச்சு. அதனால அவர் இல்ல. செல்லக்கிளி மிஷின ஆப் பண்ணியிருந்தா மதியம் சத்தமே கேட்டிருக்காது. நீங்களே சொன்னீங்க, மூச்சு விடாம ஓடுதுன்னு. குளிர் வெளிய போய்க்கிட்டே இருந்தாத்தான் அது அப்படி ஓடும். அதனால அவங்களும் இல்ல. அப்ப, கதவு திறந்திருக்கு. யாரு திறக்கிறாங்க? காதுகுத்துக்கு நீங்க போன அன்னைக்குச் சிவப்புக் கோட்டுல மதிய மேடே இல்ல. குழவியில கதவோட பெயிண்ட் இருக்கு. ஊரே வேர்த்துக் கொட்டுற வெயில்ல உங்களுக்கு மட்டும் சளி பிடிச்சிருக்கு.”

“எனக்கு பிரஷர் இருக்கும்மா” என்றார் ஒச்சம்மாள் மெதுவாக. “அந்தத் தகரத்துக்குக் கீழ ஒக்கார முடியல. ஏசி போடுறது வீண் செலவுன்னு…”

கிளமெண்ட் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டார். “அப்ப வெள்ளைப் பெட்டி? அது ஏன் நாலு டிகிரின்னு பொய் சொல்லுச்சு?”

“அது பொய் சொல்லலங்க. தான் இருந்த இடத்தோட உண்மையத்தான் சொல்லுச்சு.” ஐரின் மடிக்கணினியை எல்லாரும் பார்க்கும்படி திருப்பினார். “ஆரம்பத்துல வெள்ளையும் சிவப்பும் ஒரே மாதிரிதான் ஏறி இறங்குது. அப்புறம் ஒரு நாள் வெள்ளைக்கோடு மட்டும் சடார்னு நம்ம வெயில் அளவுக்கு ஏறி, கொஞ்ச நேரத்துல மறுபடி நாலுக்கு இறங்குது. இம்புட்டுப் பெரிய ரூம் அப்படிச் சூடாகி உடனே குளிராது. ரூம் சூடாகல, பெட்டி ரூம விட்டு வெளிய நடந்துச்சு. அதுக்கப்புறம் கோடு நேரா இருக்கு, சாப்பாட்டு வேளையில மட்டும் சின்ன மேடு. ஞாயித்துக்கிழமை பாருங்க, அந்த மேடுகூட இல்ல. ஞாயித்துக்கிழமைதான உங்களுக்கு மாவு ரொம்பப் போகும்?”

“ரெண்டு மடங்கு போகும்” என்றாள் செல்லக்கிளி. “கதவு மூடவே நேரமிருக்காது.”

“அன்னைக்கு இங்க லீவு உள்ள ஒரே இடம் ஆபீஸ். ஆபீஸ்ல ஒரு சின்ன பிரிட்ஜ் இருக்கு. மத்த நாள்ல சாப்பாட்டு வேளைக்கு அதத் திறந்து என்ன எடுப்பீங்க?”

“மோர்” என்றார் சோணை சாக்கில் உட்கார்ந்தபடியே. “கொத்தமல்லி போட்டு.”

எல்லாருடைய தலையும் அலுவலகப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மருது, ஒளிய இடமில்லாத ஒரு அறையில் ஒளிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தான்.

“இன்னைக்குக் காலையில கோடு இன்னொரு தடவ அதே மாதிரி ஏறியிருக்கு” என்றார் ஐரின். “நாங்க வாரோம்னு தெரிஞ்சதும் பெட்டி வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சு.”

மருது தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். “மேடம், மாட்டுன மறுநாளே கூப்புட ஆரம்பிச்சிருச்சு. மெசேஜ்னா பரவால்ல. ஒரு பொம்பளக் குரல்ல போன் வரும். மதியம் சாப்பிட ஒக்காந்தா வரும், எடுக்காட்டித் திரும்பத் திரும்ப வரும். என் சம்சாரம் ஆர்த்திகா பக்கத்துலயே ஒக்காந்திருப்பா. தெனம் ஒரே நேரத்துக்குக் கூப்புடுற பொம்பள யாருன்னு கேட்டு அழுக ஆரம்பிச்சிட்டா. அது நம்ம குளிர் ரூம்தான்னு சொன்னேன். நம்பல.”

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அலாரம் ஏன் வருதுன்னு வந்து பாத்தேன். அம்மா கதவத் தொறந்து வச்சு ஒக்காந்திருந்தாங்க. எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. பெட்டியக் கழட்டிப் பையில போட்டேன். போற வழியில அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க. லோடு ஆட்டோ வரலைன்னு என்னைய நிக்க வச்சுத் திட்டுனாங்க. அம்புட்டு நேரமும் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அப்புறந்தான் ஆபீஸ் பிரிட்ஜுல வச்சேன்.”

“அதுதான் அந்த ஏத்தம்” என்றார் ஐரின்.

ஒச்சம்மாள் எழுந்தார். குழவியைக் காலால் தள்ளினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. “ஏன்டா, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? ரெண்டு பேரு வேல போயிருக்குமேடா!”

மருதுக்காகப் பேசியது செல்லக்கிளி.

“யாரு சொல்றதும்மா? இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க பேச விட்டாத்தான? போற வேல போகட்டும்னு இருந்துட்டேன். உங்க கம்பெனி மாவ நீங்களே கெடுக்குறீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு மனசு வரல.”

ஒச்சம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிளமெண்ட் முன்னெச்சரிக்கையாக ஐரினுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஒச்சம்மாளுக்குக் கண் கலங்கியது. அதைத் தும்மல் என்று காட்ட முயன்றார், தும்மல் வரவில்லை.

“மகளுக்கு வளைகாப்பு எப்ப வச்சிருக்க?” என்றார் கடைசியில்.

“அடுத்த மாசம்மா.”

“எனக்குச் சொல்லவே இல்ல.”

“வேலையில இருப்பேனான்னே தெரியல. எப்படிம்மா சொல்றது?”

“வாரேன்” என்றார் ஒச்சம்மாள். “சோணையும் வரட்டும். எல்லாரும் வாரோம்.” அதற்கு மேல் அவரிடமிருந்து மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. ஆனால் செல்லக்கிளிக்கு அது போதுமாக இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒச்சம்மாள் ஐரினை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, கொத்தமல்லி போட்ட மோர் கொடுத்தார். “இப்பச் சொல்லுங்க. எந்தப் பெட்டிய வாங்கட்டும்?”

“ரெண்டும் நல்ல பெட்டிதாங்க்கா. சிவப்பு, நடந்ததையெல்லாம் பதிஞ்சு வச்சுக்கும். ஆனா நாமளாப் போய்க் கேட்டாத்தான் சொல்லும். கேக்கிறதுக்குள்ள மாவு பொங்கிரும். வெள்ளை, நடக்கிறப்பவே கூப்பிட்டுச் சொல்லும். உங்களுக்கு அதுதான் சரி. ஆனா பெட்டி வாங்குனா மட்டும் பத்தாது. கதவுகிட்ட ஒண்ணு, பின்னாடி அடுக்குல ஒண்ணுன்னு ரெண்டா வாங்குங்க. கொக்கியில தொங்கவிடாம சுவத்துல திருகி மாட்டச் சொல்லுங்க. கரண்ட் போனாலும் நெட் போனாலும் உள்ள பதிஞ்சு வச்சு அப்புறமா அனுப்புமான்னு கேட்டு வாங்குங்க. லோடு ஏத்துறதுக்குக் கதவத் திறந்தவுடனே கத்தாம, கொஞ்ச நேரம் பொறுத்துக் கத்துற மாதிரி வச்சுக்குடுக்கச் சொல்லுங்க. சும்மா சும்மா கத்துற அலாரத்த யாரும் மதிக்க மாட்டாங்க, எங்கயாவது ஒளிச்சு வச்சுருவாங்க.”

மருது தரையைப் பார்த்தான்.

“முக்கியமா, ஒரே ஆளுக்குக் கூப்புடக் கூடாது. மருதுக்கு, செல்லக்கிளிக்கு, உங்களுக்கு. மூணு பேருக்கும் போகணும்.”

“எனக்குமா?”

“உங்களுக்குத்தாங்க்கா முதல்ல.”

சூப்பர் மார்க்கெட்டின் ஆள் சொன்ன நாளில் வந்தார். டை கட்டிய, சிரிக்கத் தெரியாத மனிதர். மருது சிவப்புப் பெட்டியின் கோட்டை நீட்டினான்; மதிய மேடுகள் வரிசையாகத் தெரிந்தன. இது என்ன என்று அவர் கேட்டார். மருது தாயைப் பார்த்தான். பழைய கணக்கைக் காட்ட வேண்டாம் என்று கிளமெண்ட் முந்தின நாளே போனில் யோசனை சொல்லியிருந்தார். ஐரின் அந்தப் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்.

“அது நான் தூங்குன நேரம்” என்றார் ஒச்சம்மாள். “கதவத் தொறந்து வச்சுட்டு அதுல காத்து வாங்கிட்டுத் தூங்குனேன். அந்த மாவெல்லாம் திருப்பி எடுத்துட்டேன். இனிமே தூங்க மாட்டேன். வேணும்னா எழுதிக்கோங்க.”

அந்த மனிதர் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். இதுவரை அவர் போன கம்பெனிகளிலெல்லாம் தப்புக்குக் கரண்டைத்தான் காரணம் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் யோசித்து, முதலில் இரண்டு கிளைகளுக்கு அனுப்பச் சொல்லி, கோடு ஒழுங்காக இருந்தால் மற்றவற்றையும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சித்தார்த் வந்து இரண்டு வெள்ளைப் பெட்டிகளைச் சுவரில் திருகி மாட்டினான். ஒச்சம்மாளுக்கு ஒரு புதிய போனும், அலுவலகத்துக்கு ஒரு ஏசியும் வந்தன. மாட்டிய அன்றே மதியம் ஐரினும் கிளமெண்ட்டும் பார்க்கப் போயிருந்தார்கள். ஏசியைப் பொருத்த வந்த ஆள் பாதியில் சாப்பிடப் போய்விட்டான். ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் தகரத்துக்குக் கீழே தவித்துப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெல்லக் குளிர் அறைப் பக்கம் போனார்.

சற்று நேரத்தில் அவருடைய புதிய போன் அடித்தது. காதில் வைத்தார்.

“குளிர் அறையின் வெப்பநிலை அதிகரித்துள்ளது. உடனடியாகக் கதவைச் சரிபார்க்கவும்” என்றது ஒரு பெண் குரல், மிக மரியாதையாக.

“யாருடி நீ?” என்றார் ஒச்சம்மாள். “எங்க இருந்து பேசுற? என் ரூம், என் கதவு, ஒரு சாண் தான தொறந்திருக்கேன். உனக்கென்ன வந்துச்சு?”

“குளிர் அறையின் வெப்பநிலை அதிகரித்துள்ளது” என்றது குரல்.

“அதான் சொன்னியே! வேற பேச்சே தெரியாதா? உன் மொதலாளி நம்பரக் குடு, நான் பேசிக்கிறேன்.”

கிளமெண்ட் விசிலை எடுத்தார். ஐரின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குள் கொல்லைப் பக்கமிருந்து செல்லக்கிளி வந்துவிட்டாள். அவள் கையிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. நேராக வந்து, ஒச்சம்மாளின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“அம்மா, தள்ளுங்க.”

ஒச்சம்மாள் அவளை முறைத்தார். போனில் அந்தப் பெண் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சம்மாள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளி உட்கார்ந்தார். செல்லக்கிளி குழவியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.